மருந்தும் அடிக்காது, கல்யாண வீடியோவும் எடுக்காது

ஒருதடவை எழுதி வெச்சுட்டா, இனிமே கேக்குறவங்களுக்கு இதையே அனுப்பிட்டு என் சோலியப் பாக்கலாம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

அது ட்ரோன் இல்லைங்க.

சின்னமனூர் பக்கம் ஒரு கண்மாய் (கோடையில தண்ணி வத்துனதும் அதுதான் நமக்கு ரன்வே). அங்க விமானத்தைக் கீழ இறக்கி வெச்சா போதும். ஆடு மேய்க்கிறவர், தென்னந்தோப்புக்காரர், பைக்கை ஓரங்கட்டுற காலேஜ் பையன், எல்லாருக்கும் ஒரே கேள்வி.

"தம்பி, ட்ரோனா?"

இல்லண்ணே, மாடல் விமானம்.

"மருந்து அடிக்குமா? வாழைக்கு அடிக்கணும். ஏக்கருக்கு எவ்வளவு வாங்குவ?"

அடிக்காதுண்ணே.

"சரி, கேமரா எங்கிட்டு இருக்கு?"

கேமராவே இல்லண்ணே.

அப்புறம் ஒரு பார்வை பாப்பாரு பாருங்க. மருந்தும் அடிக்காது, கல்யாண வீடியோவும் எடுக்காது, அப்ப எதுக்குடா இதை மாசக்கணக்குல உக்காந்து ஒட்டிக்கிட்டு இருந்தன்னு.

காலேஜ் பையன்னா இன்னொரு கேள்வியும் உண்டு. "அஜித் விடுவாரே, அதுவாண்ணே?" அதுவேதான். (அவரைத் தலன்னு சொல்ல வேணாம்னு 2021ல அவரே கேட்டுக்கிட்டாரு, அதனால அஜித்.) சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோட தக்‌ஷா மாணவர் குழுவுக்கு அவர் ஆலோசகரா இருந்ததும், 2018ல ஆஸ்திரேலியாவுல நடந்த ஆளில்லா விமானப் போட்டியில அந்தக் குழு ரெண்டாவது வந்ததும் நம்ம பசங்களுக்கு நல்லாவே தெரியுது. அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான் கட்டுனது ஸ்கேல் மாடல். நிஜமா பறந்த ஒரு விமானத்தை அளவு பிசகாம சுருக்கி, பிளான் வெச்சு, குச்சி குச்சியா வெட்டி ஒட்டி, ரேடியோ வெச்சு பறக்க விடுறது. பெட்டியில ரெடிமேடா வர்ற ஃபோம் விமானம் இல்ல. (அதையும் குறை சொல்லல. பறக்கக் கத்துக்க அதுதான் நல்லது. விழுந்தா ஒட்டிக்கலாம், மனசு உடையாது.)

எந்த விமானம்? இந்த இடத்துல எனக்கு ஒரு கோபம் உண்டு.

மாடல் கட்டுறவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. ஸ்பிட்ஃபயர், மஸ்டாங், பைப்பர் கப். இங்கிலாந்து விமானம், அமெரிக்க விமானம். ஏன்னா பிளான் அதுக்குத்தான் குவிஞ்சு கிடக்கு. அட, நம்ம ஆளுங்க செஞ்சதே வரிசையா இருக்கேப்பா! எச்.ஏ.எல்.ல டாக்டர் காட்கே வடிவமைச்ச எச்.டி-2 பயிற்சி விமானம் 1951லயே பறந்துருச்சு. ஜெட் போர் விமானம் மருத் 1961ல. பசந்த்னு ஒண்ணு 1972ல. அது என்னன்னு நெனைக்கிறீங்க? வயலுக்கு மருந்து அடிக்கிற விமானம்! (வாழைக்கார அண்ணே, நீங்க கேட்டது ஒருகாலத்துல நிஜமாவே இருந்துச்சு.)

நான் எடுத்துக்கிட்டது புஷ்பக்.

பெங்களூர்ல எச்.ஏ.எல். செஞ்சது. 1958 செப்டம்பர்ல முதல்தடவை பறந்துச்சு. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காரலாம். றெக்கை தலைக்கு மேல, அதுக்குக் கீழ இருந்து ரெண்டு பக்கமும் சாய்வா ஸ்ட்ரட் முட்டுக் குடுத்திருக்கும். துணி போர்த்துன உடம்பு, 90 குதிரைசக்தி கான்டினென்டல் இஞ்சின், வாலுக்கு அடியில குட்டியா ஒரு சக்கரம். மொத்தம் சுமார் 160 செஞ்சாங்க. நாட்டுல இருந்த ஃப்ளையிங் கிளப்களுக்கு எல்லாம் போச்சு. விமானம் ஓட்டணும்னு ஆசைப்பட்ட ஒரு தலைமுறையே இதுலதான் கத்துக்கிச்சு.

மாடலுக்கும் இது அம்சமான விமானம். மேல்றெக்கை, நிதானமா பறக்கும், வளைவு நெளிவு ஜாஸ்தி இல்ல, குச்சியும் துணியுமா கட்டிடலாம்.

அடுத்து, எவ்வளவு பெருசு?

நிஜ புஷ்பக் றெக்கை முனைக்கு முனை 36 அடி. நீளம் 21 அடி. ஆளும் பெட்ரோலும் ஏத்துன எடை 612 கிலோ. ஆறுல ஒரு பங்கா சுருக்குனா றெக்கை சரியா 6 அடி. கேக்கவே லட்சணமா இருக்குல்ல? எடையைப் போட்டுப் பாருங்க. நீளம் 6ல ஒண்ணு ஆனா, பரப்பு 36ல ஒண்ணு, எடை 216ல ஒண்ணு. அப்ப 2.8 கிலோ வரும்.

இங்கதான் சட்டம் குறுக்க வருது. 2021 ட்ரோன் விதிகள். (ட்ரோன் இல்ல இல்லன்னு நான் தொண்டை கிழிய கத்துனாலும், சட்டத்துக்கு எல்லாம் ஒரே குடும்பம்தான்.) 250 கிராம் வரைக்கும் நானோ, அதுக்கு மேல 2 கிலோ வரைக்கும் மைக்ரோ, அதையும் தாண்டி 25 கிலோ வரைக்கும் ஸ்மால். மைக்ரோவை வியாபாரத்துக்கு இல்லாம ஓட்டுனா பைலட் லைசென்ஸ் தேவையில்ல. 2 கிலோவைத் தாண்டுனா அந்தச் சலுகை போச்சு.

அதனால ஏழுல ஒரு பங்கு. 612ஐ 343ஆல வகுத்தா 1.78 கிலோ. நீளம் சரியா 3 அடி. றெக்கை 157 செ.மீ., ரெண்டு துண்டா கழட்டி ஸ்கூட்டர்ல கட்டிக்கலாம். சட்டமும் சந்தோஷம், ஸ்கூட்டரும் சந்தோஷம்.

பிளான் கதைதான் பெருங்கதை.

புஷ்பக்குக்கு மூதாதை அமெரிக்காவோட ஏரோன்கா சீஃப். அதே 36 அடி றெக்கை, அதே சாடை. அந்த சீஃபுக்கு ரப்பர் பேண்டு முறுக்கி விடுற காலத்துப் பிளான் ஒண்ணு, றெக்கை 36 அங்குலம். அதாவது 12ல ஒரு பங்கு. அதை 171 சதவீதம் பெருசாக்குனா 7ல ஒரு பங்கு. அப்புறம் புஷ்பக்கோட மூணு பக்கப் படத்தை மேல வெச்சு மூக்கு, ஜன்னல், வால் எல்லாம் திருத்தி வரையணும். கம்ப்யூட்டர்ல சாயங்கால நேரமா உக்காந்து வரைஞ்சது.

அச்சடிக்கணுமே?

முதல்ல ஏ4 பேப்பரா அடிச்சு ஒட்டிப் பாக்கலாம்னு ஒரு கடைக்குப் போனேன். பிளான்ல ஒரு ஓரத்துல 10 செ.மீ. கோடு ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன் (இதை நீங்களும் போடுங்க, தயவுசெஞ்சு). வீட்டுக்கு வந்து ஸ்கேல் வெச்சா 9.7 செ.மீ.! கடைக்காரத் தம்பி பேப்பருக்கு அடங்குற மாதிரி சுருக்கிட்டாப்ல. மூணு சதவீதம்தானேன்னு விட்டா 157 செ.மீ. றெக்கை 152 ஆயிரும். திரும்பப் போயி "அப்படியே 100 சதவீதம் அடிப்பா"ன்னா, "ஓரம் வெட்டுப்படும்ணே, பரவாயில்லையா?"ங்குது. படட்டும்யா!

பேப்பரை ஒட்டி ஒட்டி வந்ததுல கோடு ஒவ்வொரு மூட்டுலயும் அரை மில்லி தள்ளிப் போச்சு. அப்பதான் ரோட்டோரத்துல ஒரு காதுகுத்து பேனரைப் பாத்தேன். பத்தடி நீளம். தாய்மாமன் ஆறடியில சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

நேரா ஃப்ளெக்ஸ் கடை.

"அண்ணே, போட்டோ எங்க?"

போட்டோ இல்லப்பா, வெறும் கோடுதான்.

"பேரு?"

பேரும் இல்ல.

"கீழ இவண்னு போட்டு யார் பேரு போடணும்?"

 

அவர் அடிச்சுக் குடுத்தது அவ்வளவு அருமைங்க! ஒரே துண்டு, ஒட்டு இல்ல. சதுரடிக் கணக்குல காசு. தண்ணி பட்டா ஊறாது. எல்லாத்தையும் விட முக்கியம், ஃபெவிகால் அதுல ஒட்டாது. பேப்பர் பிளான்னா மேல பாலிதீன் விரிச்சாகணும், இல்லாட்டி றெக்கை பிளானோட ஒட்டிக்கிட்டு வரும். ஃப்ளெக்ஸ்ல நேரடியா மேல வெச்சு ஒட்டிட்டு, காஞ்சதும் உரிச்சு எடுத்துறலாம். ஒரே குறை, கோடு கொஞ்சம் தடிமனா வருது. அதனால கோட்டுக்கு உள்பக்கம் வெட்டுறதா வெளிப்பக்கம் வெட்டுறதான்னு முதல்லயே முடிவு பண்ணி, கடைசி வரைக்கும் மாத்தக்கூடாது. தேனி மாவட்டத்துல எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும் ஃப்ளெக்ஸ் அடிக்க ஆள் இருக்கு. மாடல் கட்டுறவங்களுக்கு இதைவிட வசதியான ஊர் எது?

பிளானைப் பெருசாக்குறதுல இன்னொரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. கோடெல்லாம் 171 சதவீதம் ஆகும்போது, பலகையைச் செருகுற பள்ளமும் பெருசாகும்ல? பழைய பிளான்ல 1.6 மி.மீ. பலகைக்குப் போட்ட பள்ளம் 2.7 ஆயிருச்சு. கடையில கிடைக்கிறது 2 மி.மீ. இல்லாட்டி 3 மி.மீ. ரெண்டு போட்டா ஆடுது, மூணு போட்டா நுழையல. அதனால ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியா திருத்தணும். பெருசாக்குனா போதும்னு சொல்றவங்க யாரும் கட்டிப் பாத்ததில்லன்னு அர்த்தம்.

இப்ப மரம்.

மாடல் விமானம்னா பால்சா. தென் அமெரிக்க மரம், உலகத்துக்கே பெருவாரியா ஈக்வடார்ல இருந்து போகுது. ஒரு கன மீட்டர் சராசரியா 160 கிலோதான் இருக்கும். நம்ம தேக்கு அதைப்போல நாலு மடங்கு. ஆனா விலை? ஒரு மீட்டர் பலகைக்குக் குடுக்குற காசுல வீட்டுக்கு வாரக் காய்கறி வாங்கிறலாம். ஏன் இந்த விலைன்னு தேடுனா, காற்றாலை! பெரிய காற்றாலை இறக்கைக்குள்ள நடுவுல பால்சா வைக்கிறாங்க. 2019, 2020ல உலகம் முழுக்க காற்றாலைக்கு அடிச்சுப் பிடிச்சு வாங்குனதுல ஈக்வடார் காட்டுல ஆத்தோரத்து மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டாங்க.

ஆண்டிபட்டி பக்கம் போகும்போது வரிசையா சுத்துதே, அதைப் பாத்தா இப்பல்லாம் எனக்கு லேசா எரிச்சல் வருது.

பால்சாவுக்கு ஒரு சொந்தக்காரன் நம்ம போடியில இருக்கான். இலவம்பஞ்சு மரம்! ரெண்டும் ஒரே தாவரக் குடும்பம். பால்சா காயிலயும் பஞ்சு இருக்கும். மெத்தை தலையணைக்கு ஊரெல்லாம் பஞ்சு அனுப்புற போடியில, இந்த மரத்தை அறுத்துப் பாத்தா என்னன்னு தோணுச்சு. காத்துல சாஞ்ச மரத்துல ஒரு துண்டு கிடைச்சது. ஆசாரி கிட்ட கொண்டு போனேன்.

"இத அடுப்பெரிக்கக்கூட யாரும் கேக்க மாட்டாகளே தம்பி. இதுல என்ன செய்யப் போறீக?"

விமானம்ணே.

ஒண்ணும் சொல்லாம அறுத்துக் குடுத்தாரு.

நிறுத்துப் பாத்தா பால்சாவை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பிளேடு வெச்சு வெட்டுனா ஓரம் பிசிறு பிசிறா நிக்குது. ஈரத்தோட வெச்சா சீக்கிரமே கறுத்துப் பூஞ்சை பிடிக்குது. றெக்கைக்கு ஆகாது. ஆனா மூக்குக்கு? விமானத்துக்கு மூக்குல எப்படியும் எடை வேணும். அதனால இஞ்சின் மூடி, மூக்குக் கட்டை ரெண்டும் போடி இலவமரம். றெக்கை ரிப்பு எல்லாம் பால்சா. றெக்கையை நீளவாக்குல தாங்குற ஸ்பார் பைன் (பேக்கிங் பெட்டிய உடைச்சு எடுத்த கட்டை, நேர் நாரா பாத்துப் பொறுக்கணும்). ஸ்ட்ரட் மூங்கில் சிம்பு.

போர்த்துறதுக்குத் துணி. நிஜ புஷ்பக்கே துணிதான், அப்ப மாடலுக்கு பளபளன்னு பிளாஸ்டிக் ஷீட் எதுக்கு? ஜவுளிக்கடையில லைனிங் துணி வாங்குனேன். பருத்தி சரிப்படல. ஒட்டி முடிச்சதும் நல்லா இருக்கு, மழை நாளன்னைக்கு தொங்கிப் போகுது. பாலியஸ்டர் லைனிங்தான் சரி. ஓரத்துல பசை தடவி ஒட்டிட்டு, மேல இஸ்திரிப் பெட்டிய மிதமான சூட்டுல ஓட்டுனா தானா சுருங்கி மேளத்தோல் கணக்கா விறைக்கும். கடையில சந்தேகமா இருந்தா ஒரு நூலை உருவிப் பத்த வெச்சுப் பாருங்க. உருகுனா பாலியஸ்டர், சாம்பலானா பருத்தி.

(கடைக்குள்ள வேணாம். வெளிய வந்து பத்த வைங்க.)

இவ்வளவு ஏன் கஷ்டப்படணும், ரெடிமேட்ல வாங்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு என் பதில் ஒண்ணுதான். பிளான் வெச்சுக் கட்டுனா ஒவ்வொரு குச்சிக்கும் காரணம் தெரியும்.

உதாரணத்துக்கு, பிளான்ல றெக்கை முனையில பின்பக்கம் அடியில ஒரு சின்ன ஆப்பு வெச்சு ஒட்டச் சொல்லிருக்கும். என் அளவுக்கு 5 மி.மீ. எதுக்கு இந்தக் கோணல்? வேகம் குறைஞ்சு விமானம் தவிக்கும்போது றெக்கையோட நடுப்பகுதி முதல்ல தூக்குறதை நிறுத்தணும், முனை கடைசியில. முனை முதல்ல கைவிட்டா ஒரு பக்கம் சாஞ்சு தலைகுப்புறப் போயிரும். அஞ்சு மில்லி ஆப்புதான் அதைக் காப்பாத்துது.

இஞ்சினை (நமக்கு மோட்டார்) நேரா மாட்டாம வலதுபக்கமா, கீழ்ப்பக்கமா ரெண்டு மூணு டிகிரி சாய்ச்சு மாட்டணும். முழு விசை குடுக்கும்போது விமானம் இடதுபக்கம் இழுக்கும், மேல ஏறவும் பாக்கும். அதுக்கு முன்கூட்டியே ஒரு கடிவாளம்.

எடை மையம் இன்னும் முக்கியம். றெக்கை முன் ஓரத்துல இருந்து கால்பங்கு தள்ளி, அதாவது 5, 6 செ.மீ.ல விமானம் சமமா நிக்கணும். புஷ்பக்குக்கு மூக்கு கட்டை, வால் நீளம். வால்ல 10 கிராம் கூடுனா மூக்குல 30 கிராம் ஏத்தணும். அதனால வால்ல பசையக்கூட பிச்சக்காசு குடுக்குற மனசோட தடவணும். மிச்சத்துக்கு, வைகை அணைப் பக்கம் வலையில கட்டுற ஈயக்குண்டு. நல்ல கனம், சின்ன சைஸ், கிராம் கணக்குல சேக்கலாம்.

ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது. நிஜ புஷ்பக்குக்கு 90 குதிரைசக்தின்னா சுமாரா 67 கிலோவாட். 612 கிலோவுக்கு வகுத்தா கிலோவுக்கு 110 வாட். நம்ம மாடலுக்கு கிலோவுக்கு 200 வாட்னு போட்டு 360 வாட் மோட்டார் மாட்டியிருக்கு. அதாவது அந்தக் காலத்து மாணவர் பைலட் ஓட்டுனதைவிட என் கண்மாய் விமானத்துக்குத் தெம்பு ஜாஸ்தி!

கட்டியாச்சு. விடணுமே.

ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க. அம்மி பறக்கலாம், புஷ்பக் பறக்கக்கூடாது. கம்பம் பள்ளத்தாக்குல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் அடிக்கிற காத்து தெரியும்ல? காற்றாலைக்காரங்க தேடி வந்ததே அதுக்குத்தான். தென்மேற்குக் காத்து கேரளா பக்கம் மலையேறி, இந்தப் பக்கம் படிக்கட்டுல உருட்டி விட்ட குடம் மாதிரி உருண்டு விழும். மலையடிவாரத்துல நின்னு விட்டா, தெளிவான வானத்துலயே விமானம் திடீர்னு கீழ அமுங்கும். கையில ஸ்டிக் இருக்கும், பதில் இருக்காது. அதனால மலையை விட்டு நல்லா தள்ளி, பங்குனி சித்திரையில, விடிஞ்ச சூட்டோட சூட்டா விட்டுட்டு வந்துரணும். எட்டு மணிக்கு மேல தரை காய ஆரம்பிச்சா காத்து கிளம்பிரும்.

அப்படி ஒரு காலையில புஷ்பக் ஓடுச்சு, வாலைத் தூக்குச்சு, மெதுவா எழும்புச்சு. வெயில் பட்டதும் துணி வழியா ரிப்பு எல்லாம் தெரிஞ்சுது. நாலு வட்டம் அடிச்சு இறங்குற வரைக்கும் நான் வாயத் திறக்கல. ஒரு மயில் மட்டும் கத்துச்சு.

கட்டப் போறவங்களுக்கு நாலு வார்த்தை. வான்வெளி வரைபடத்துல உங்க இடம் பச்சை மண்டலமான்னு பாருங்க, அங்கயும் 400 அடிக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதான். அணைக்கட்டுப் பக்கம் போகாதீங்க. மேகமலை 2021ல இருந்து புலிகள் காப்பகம், அங்கயும் வேணாம். தென்னந்தோப்புக்காரர் கிட்ட முன்கூட்டியே பழகி வைங்க, மரத்துல மாட்டுனா ஏற ஆள் அவர்தான் தரணும். பள்ளிக்கூடத்துல என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தா பசங்களைச் சேருங்க, ஏரோமாடலிங் அங்க பாடத்துலயே இருக்கு.

கடைசியா ஒரு உதவி. வரைஞ்ச புஷ்பக் பிளானை யார் கேட்டாலும் காசில்லாம தர்றேன், ஃப்ளெக்ஸ் கடைக்கு நீங்க போய்க்கோங்க. பதிலுக்கு எனக்கு ஒண்ணு வேணும். நிஜ புஷ்பக்குக்கு உள்ளே மீட்டர் பலகை எப்படி இருந்துச்சு, சீட்டு என்ன நிறம்னு காட்டுற நல்ல போட்டோ கிடைக்கவே மாட்டேங்குது. உங்க வீட்டுப் பெரியப்பாவோ தாத்தாவோ அறுபது, எழுபதுகள்ல ஃப்ளையிங் கிளப்புல புஷ்பக் ஓட்டிருந்தா, அந்தப் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. கருப்பு வெள்ளையா இருந்தாலும் பரவாயில்ல. நிறத்தை அவரு கிட்டயே கேட்டு எழுதி அனுப்புங்க.